மயில் என்று சொன்ன பிள்ளை

"விரைவில்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கம் பாடங்களை ஏற்றி வைத்திருக்கும் இணையத்தளத்தில் சிங்களப் பக்கத்தைத் திறந்தால், மூன்றாம் தரத்துக்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் "விரைவில்". அதை நான் முதன்முதலில் பார்த்தபோது முதலாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது என் மூன்றாம் தர வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நான் படிப்பிப்பது கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். பஸ் திரும்பும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏற வேண்டும். அங்கே எங்களுக்கு ஒரு பெரிய டீவியைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கட்டளை: இனிமேல் இணைய வளங்களைப் பயன்படுத்திப் படிப்பிக்க வேண்டும், பாடக்குறிப்பில் அதற்கென்று இருக்கும் கட்டத்தை நிரப்ப வேண்டும். டீவி மலையேறி வந்தது, சிக்னல் வரவில்லை. ஆகவே வீட்டில் என் போனில் இறக்கி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவேன். தமிழில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இந்திய வீடியோக்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அழகாகச் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியவர்கள்தான் "விரைவில்" என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

பறவைகள் பாடத்துக்கு ஒரு பாட்டு அகப்பட்டது. முதல் இரண்டு நிமிடங்களைப் பார்த்தேன். காகம், கிளி, குருவி, எல்லாம் சரி. வகுப்பில் அதைப் போட்டுவிட்டு, பின்னால் இருந்து கொப்பி திருத்தினேன். கடைசி அடியில் "நமது தேசியப் பறவை மயில்" என்று வந்ததை நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளோ கேட்டுக் கேட்டு மூன்று தரம் பாடினார்கள்.

அடுத்த வாரம் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார், கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வகுப்பில் நின்றுகொண்டு, "நம்ம நாட்டுத் தேசியப் பறவை எது?" என்று கேட்டார்.

ஒரு கை உயர்ந்தது. அந்த வருடம் முழுக்க ஒரு தரமாவது கை உயர்த்தாத பிள்ளை அவள். பெயர் கூப்பிட்டால் கூட மேசையைப் பார்த்துக்கொண்டுதான் எழும்புவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"மயில், சேர்."

அதிகாரி சிரித்தார். "என்ன புள்ள, நீங்கல்லாம் இன்னும் கப்பல்ல இருந்து எறங்கலியா?"

கூட வந்த பாடசாலை அதிபரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த வரியை எழுதும்போதும் என் மீது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்களின் வழியில் பிறந்த என் அப்பா, தன் இலங்கைப் பிரஜாவுரிமைக் கடதாசியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தவர். யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்ட வேண்டுமே என்று பயந்தே வாழ்ந்தவர். அவருடைய மகள் நான், அந்தப் பகிடிக்குப் பல்லைக் காட்டினேன். "சேர், பிழை என்னுடையது, நான்தான் அந்த வீடியோவைக் காட்டினேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டிவிட்டு, அதிகாரிக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

போகும்போது அவர் என் பாடக்குறிப்பில் எழுதினார்: "இணைய வளப் பயன்பாடு மிக நன்று." அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் முகத்திலேயே எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் கையை உயர்த்தவேயில்லை. நான் கேள்வி கேட்டால் தலை இன்னும் கீழே போகும். ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாங்க முடியாமல், ஒரு நாள் காலையில் டீவியைத் துணியால் மூடிவிட்டு வகுப்புக்கு முன்னால் நின்றேன்.

"அந்தப் பாட்டு வேற நாட்டுப் பாட்டு. பாக்காம போட்டது என்னோட பிழை. பதில் சொன்ன தங்கச்சி மேல ஒரு பிழையும் இல்ல. நம்ம தேசியப் பறவை காட்டுக்கோழி" என்றேன். அவளிடம் போய், "என்னைய மன்னிச்சிரு கண்ணு, அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவள் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"காட்டுக்கோழின்னு எனக்குத் தெரியும் டீச்சர். புத்தகத்துல இருக்கு. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாலயும் தெனம் வருது. நீங்க மயில்னு காட்டுனீங்க. டீச்சர் காட்டுனா அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்."