எண்ணூறு அடிப் பாட்டு

எங்கள் ஹெவி மெட்டல் பேண்ட் ஐந்து வருடம் இருந்தது. மேடை ஏறியது மூன்றே தடவை. அந்த வரலாற்றை வேறு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பேண்டின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். இருபது வயதில் நான்கு பேர் கூடி வைத்த பெயர் அது. இப்போது என் மகளின் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தெரிந்தால் மானம் போய்விடும்.

நான் பேஸ் கிடார். பாடகன் புதுக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் சேலை மடித்துக்கொண்டிருந்தவன். கடையில் அவன் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. மைக்கைப் பிடித்துவிட்டால் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். லீட் கிடார்காரன் எந்நேரமும் ட்யூன் பண்ணிக்கொண்டிருப்பான். ஐந்து வருடத்தில் பாதியை அதிலேயே கழித்தான். டிரம்மர் திருமயம் பக்கம் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. உண்மையைச் சொன்னால் அவன்தான் பேண்ட், நாங்கள் மூவரும் கூடப் போனவர்கள்.

பயிற்சி செய்ய இடம் கிடைத்தது வௌவால்களின் புண்ணியத்தில். டிரம்மரின் ஊருக்கு அடுத்த ஊரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு அது, சொந்தக்காரர்கள் சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொண்ட அக்கா வௌவால்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போயிருந்தார். சாம்பிராணிக்கும் துடைப்பத்துக்கும் அசையாதவை, எங்கள் டிரம்மர் முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அடித்ததும் கூட்டமாக வெளியேறின. "தெனம் வந்து அடிங்க தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அக்கா. சென்னையிலும் போனில் சரி சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒன்பது நிமிடம். டிரம்மரின் அப்பா தண்ணீருக்காக வயலில் போர் போட்ட கதை. எண்ணூறு அடி இறக்கியும் வெறும் கல்மாவுதான் வந்தது, போர் லாரிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த லாரியின் இரைச்சலை அப்படியே டிரம்ஸில் கொண்டுவந்திருந்தான். எட்டு நிமிடம் பாறை உடைந்துகொண்டே இருக்கும், பாடகன் "எண்ணூறு அடி, எண்ணூறு அடி" என்று உறுமிக்கொண்டே இருப்பான். பிறகு எல்லாம் ஓய்ந்து, கடைசி நிமிடத்தில் டிரம்ஸும் கிடாரும் ஒன்றாகப் பொங்கும். தண்ணீர் வந்துவிடும். வயலில் வராத தண்ணீர் பாட்டிலாவது வரட்டும் என்று அவனே யோசித்த முடிவு அது. அதை அப்பா கேட்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. போகப்போக எங்களுக்கும் அதுவே ஆசையாகிவிட்டது.

ஆனால் தண்ணீர் வரும்வரை எந்த மேடையும் பொறுக்கவில்லை. கல்லூரி விழாவில் நான்காவது நிமிடம் கரண்டை நிறுத்திவிட்டார்கள். விராலிமலையில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டாவது நிமிடமே பெண்ணின் தாய்மாமன் மேடையேறி, "தம்பி, சினிமாப் பாட்டெல்லாம் தெரியாதா?" என்றார். தெரியும். பாடினோம். சாப்பாடு பிரமாதம்.

மூன்றாவது, டிரம்மரின் ஊர்த் திருவிழா. பொழுது சாயும் நேரம், நாடகத்துக்கு முன்னால் எங்களை விட்டார்கள். அவன் அப்பா சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து, "நிப்பாட்டிறாதீங்கப்பா, அடிங்க!" என்றார்கள். எங்களைப் பார்த்து நிறுத்தாதே என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு "எண்ணூறு அடி"க்கும் கூட்டம் திரும்பி அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தது. யார் வீட்டு போர் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஏழாவது நிமிடத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

அப்புறம் அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் குறைந்தா போயிருப்பார் என்று நான்தான் திட்டித் தீர்த்தேன். இன்று என்மேல்தான் கோபம் வருகிறது. பட்ட நஷ்டத்தை ஊர் நடுவில் எட்டு நிமிடம் கத்தினால் எந்த மனுஷன் உட்கார்ந்திருப்பான்? அது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சில மாதங்களில் அவனுக்குக் குவைத்தில் வேலை அமைந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, டிரம்ஸை எடுத்துப்போக அந்த வௌவால் வீட்டுக்கு டிராக்டர் வந்தது. ஓட்டிவந்தவர் அவன் அப்பா. இறங்காமலே, "வெரசா ஏத்துங்கப்பா" என்றார்.

அக்கா வாசலுக்கு வந்தார். "அண்ணே, ஏத்துறதுக்கு முந்தி அந்தப் போர் பாட்ட ஒருக்கா அடிச்சிறட்டும்."

"அதெல்லாம் கேட்டாச்சு."

"எங்கிட்டுக் கேட்டீங்க? தண்ணி வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்களாமே. இவுக பாட்டு ஆரம்பிக்கயில நான் காப்பித்தண்ணி வப்பேன். அங்க தண்ணி வரயில இங்க கொதிச்சிரும். இருந்து குடிச்சிட்டுப் போங்க."

அவர் மகனைப் பார்த்தார். "தண்ணி வருதாடா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவர் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினார்.

லீட் கிடார்காரன் அன்றைக்கு ட்யூன்கூடப் பண்ணவில்லை. ஏழாவது நிமிடத்தில் எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை, தரையைப் பார்த்தே வாசித்தேன். எட்டு நிமிடம் கடந்தது. எல்லாம் ஓய்ந்தது. பிறகு தண்ணீர் வந்தது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எத்தன அடியில வந்துச்சு?" என்று கேட்டார்.

"எண்ணூத்திப் பத்துலப்பா."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, இன்னும் பத்தடி எறக்கிப் பாப்போம்னு? ஒங்காத்தாதான் போதும்னுட்டா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தக் கடைசிய மட்டும் இன்னொருக்கா அடி."

காப்பி ஆறுகிறது என்று அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். டிரம்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குச்சியை எடுத்தான்.