எலும்பு டாக்டரின் விளக்குப்பெட்டி

நாற்பத்தாறாவது வயதில் மரத்தால் செய்த பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உலகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு படம் எடுக்கிற கேமரா. அதற்கான ஃபிலிம் சுருளாக வராது. நாலுக்கு ஐந்து அங்குலத்தில் தனித்தனித் தகடாக வரும். குனிந்து பார்த்து எடுக்கிற சதுரப்படக் கேமரா ஒன்றும் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. இரண்டும் வந்த பிறகு டிஜிட்டல் கேமராவைத் துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் போட்டேன். தென்காசியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், "இனிமே ஃபிலிம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு வருடம் ஓடியது. குற்றாலம் பேரருவி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, இலத்தூர்க் குளம் என்று எடுத்துத் தள்ளினேன். வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி நானே கழுவினேன். சாரல் காலத்தில் ஃபிலிம் காய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் குளிக்கும்போது தண்ணீர் தெறிக்க ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். இவ்வளவுக்கும் பிறகு என்னிடம் சேர்ந்தது நெகட்டிவ் மட்டுமே. படத்தை ஒருவரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

மைத்துனன் ஒருநாள் வந்திருந்தபோது ஒரு தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அது எங்கள் அலுவலகக் குழுப்படம்.

"அத்தான், எல்லாருக்கும் தலை வெளுத்திருக்கே. முதியோர் இல்லத்துக்கா போயிருந்திய?"

அன்றுதான் ஸ்கேனர் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினில் தகட்டை வைத்து மூடி பொத்தானை அழுத்தினார். கரிக்கட்டை மாதிரி ஒரு தாள் வந்து விழுந்தது. அதைத் தூக்கி மரியாதையாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இருட்டை இம்புட்டுத் தெளிவா நான் எடுத்ததே இல்ல."

சாதாரண ஸ்கேனர் கீழேயிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கும். ஃபிலிமுக்கோ வெளிச்சம் மூடியிலிருந்து வந்து ஊடுருவிப் போக வேண்டும். இதை என் மனைவி வீட்டில் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அவள் செங்கோட்டைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் இணையத்தில் கேட்டேன்.

இணையத்தில் ஃபிலிம்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. குறைந்த விலையில் நல்ல ஸ்கேனர் எது என்று பணிவாகக் கேட்டிருந்தேன். உருளையில் ஃபிலிமைச் சுற்றி ஸ்கேன் செய்யும் மெஷின்தான் உத்தமம் என்றார் ஒருவர். விலையைப் பார்த்தேன். வீட்டை விற்றால் வாங்கலாம். வாங்கினால் வைக்க வீடு இருக்காது. இன்னொருவர், ஸ்கேன் செய்வதே பாவம், இருட்டறையில் காகிதத்தில் அச்சிட வேண்டும் என்றார். மூன்றாமவர் இந்த இருவரையும் திட்டினார். மூன்று வாரம் சண்டை நடந்தது. யாராவது என் கேள்விக்குத் திரும்ப வருவார்கள் என்று தினமும் காலையில் எட்டிப் பார்த்தேன். அவர்கள் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைத் தாண்டி ஒருவர் மற்றவருடைய குலம் கோத்திரம் வரைக்கும் போயிருந்தார்கள். சென்னையில் ஒரு லேப் இருந்தது. ஒரு தகட்டுக்கு அவர்கள் கேட்ட தொகையில் பிரானூர் பார்டரில் ஒரு குடும்பமே வயிறார பரோட்டாவும் கோழியும் சாப்பிடலாம்.

கடைசியில் பழைய ஸ்கேனர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மூடியில் விளக்கு உண்டு என்று விற்றவன் விளம்பரத்தில் போட்டிருந்தான். பெட்டி வந்ததும் மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாகப் பிரித்தேன். மூடியில் விளக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் நடுவில் ஒரு பட்டைக்கு மட்டும், மூன்று விரல் அகலத்துக்கு. சதுரப் படங்கள் அதில் அடங்கின. தகடு அடங்கவில்லை.

அதனால் பேரருவியை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒட்டினேன். ஒவ்வொரு பாதிக்கும் ஸ்கேனர் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டது. இடது பக்கத்தில் விடிந்துகொண்டிருந்தது, வலது பக்கத்தில் இருட்டிக்கொண்டிருந்தது. நடுவில் குளித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மூன்று தோள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "சாமி படம் மாதிரி."

அந்த எரிச்சலோடுதான் மறுவாரம் பழைய குற்றால அருவிக்குப் போனேன். மரக்கேமராவும் முக்காலியும் தோளில். படியில் பாசி. கால் வழுக்கியது. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடது கையை ஊன்றினேன். கேமராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மனைவி தென்காசியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். சீசனில் அங்கே கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. அருவியில் விழுகிறவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடம் அதுதான். டாக்டர் என் எக்ஸ்ரேயைச் சுவரிலிருந்த பெட்டியில் செருகி ஸ்விட்சைத் தட்டினார். பெட்டி முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி வெளிச்சம் பரவியது. மூலைக்கு மூலை ஒரே அளவு. எனக்கு வலி மறந்துபோயிற்று.

"பாருங்க சார், இங்கன மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியுதுல்லா?"

"டாக்டர், இந்தப் பெட்டி எங்க கிடைக்கும்?"

"கை ஒடிஞ்சிருக்கு சார்."

"அது சரி டாக்டர். ஓரத்துலகூட வெளிச்சம் குறையலையே!"

டாக்டர் என்னை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "விழும்போது தலையில அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல டாக்டர். இது முந்தியே இருக்கு" என்றாள்.

கட்டுப் போட்டுவிட்டார். அடுத்த முறை போனபோது எக்ஸ்ரே உறைக்குள் பேரருவித் தகட்டையும் வைத்துக் கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பெட்டியில் செருகிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டோக்கன்காரர்கள் முனகும் சத்தம் கேட்டது.

"இது குத்தாலம்லா?" என்றார். அவர் அச்சன்புதூர்க்காரர். "இந்தப் பாறையில இருந்துதான் சின்ன வயசுல குதிப்போம்."

அவர் எக்ஸ்ரேக்களை இப்போது கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார். சுவர்ப்பெட்டி பழைய ஆட்களுக்காக. இன்னொரு பெட்டி ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே நிபந்தனை, படம் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி.

பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்து, மேலே தகட்டை வைத்து, கறுப்பு அட்டையால் சுற்றிலும் மறைத்தேன். இனி மேலிருந்து அதை ஒரு கேமராவால் படம் பிடிக்க வேண்டும். பீரோவின் மேல்தட்டிலிருந்து டிஜிட்டல் கேமராவை இறக்கித் தரும்படி மனைவியிடம் கேட்டேன். என் கையில் கட்டு இருந்தது. அவள் துணியைப் பிரித்து, தூசி தட்டி, முக்காலியில் மாட்டினாள். பிறகு கேட்டாள்.

"ஏங்க, ஃபிலிம்ல எடுத்து, கழுவி, காயவச்சு, கடைசில இந்தக் கேமராலதான் எடுக்கணும்னா, நேரா இந்தக் கேமராவையே அருவிக்குக் கொண்டுபோயிருக்கலாம்லா?"

ஒரு வருடமாக அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் வாழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபிலிமின் ஆழம், சாம்பல் நிறத்தின் படிகள் என்று ஏதோ சொன்னேன். அவள் தேர்வுத் தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. குழுவில் கேட்கலாம் என்று போனை எடுத்தேன்.

"பெட்டிக்குள்ள டியூப் லைட்டு விட்டு விட்டுத்தான் எரியும். ஒரு செகண்டு வச்சு மெதுவா எடுங்க" என்று அவளே ஷட்டரை மாற்றினாள். கோடு போய்விட்டது.

கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாகத் திருப்பினேன். பேரருவி முழுசாக, ஒரே பொழுதில், மேலிருந்து கீழ்வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. குளிப்பவர்கள் புகை மாதிரி அசைந்திருந்தார்கள். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மீதித் தகடுகளில் பாதியை அவள்தான் எடுத்தாள். நான் தள்ளி நின்று ஆலோசனை சொன்னேன். அவள் கேட்கவில்லை. அரை விளக்கு ஸ்கேனரை அவளுடைய பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வினாத்தாள்களை அது நன்றாக ஸ்கேன் செய்கிறதாம்.

டாக்டர் தன் பிரதியைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டிவிட்டார். அதுதான் என் முதல் கண்காட்சி. பார்வையாளர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோரால் எழுந்துபோக முடியாது.

கட்டுப் பிரிக்கப் போன அன்று படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காலில் மாவுக்கட்டோடு ஒருவர், கூடவே அவருடைய மனைவி.

"இந்தப் பாறைதான்" என்று அவர் படத்தைக் காட்டினார்.

"அது இல்ல, அதுக்கு இந்தப் பக்கம் உள்ளது. நான்தான் பார்த்தேன்லா" என்றார் அந்த அம்மாள்.

இருவரும் எழுந்து கிட்டே போய்ப் பார்க்க விரும்பினார்கள். அவரால் முடியவில்லை. அந்த அம்மாள் மட்டும் போய் மூக்கு இடிக்கும்படி நின்று பார்த்துவிட்டு, வழுக்கிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் எடுத்த படம்தான்" என்றேன்.

மாவுக்கட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா சார்! ரொம்பத் தெளிவா இருக்கு. எந்த போன்ல எடுத்திய?"

நல்லவேளையாக உள்ளேயிருந்து என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.