சங்குகுளிக்காரர் கொலை வழக்கும் நானும்

யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு வந்து எங்கள் வாரப் பத்திரிகை மெலிந்துபோயிருந்தது. அப்போதும் கொலைக்கு மட்டும் ஆசிரியர் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவார். தூத்துக்குடித் துறைமுகத்தில் பகலெல்லாம் குமாஸ்தாவாக இருந்த நான், சாயங்காலமானால் அந்தப் பக்கத்துக்குத் துப்பறிவேன். வீட்டில் தொலைந்த சாவியைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை என்பார் என் மனைவி.

வழக்கு இதுதான். சங்கு குளிக்கிற ஒருவருடைய பிணம் மீன்வலையில் சிக்கியது. இடுப்பில் குளிகல் கட்டியிருந்தது. கடலடிக்குச் சீக்கிரம் இறங்க, குளிப்பவர்கள் கால் ஊன்றிப் போகும் கல் அது. இடுப்பில் கட்டுகிற வழக்கம் கிடையாது. கட்டியது யார்? வெயிலில் அலைய மனமில்லாத போலீஸ், செத்தவரே கட்டிக்கொண்டு குதித்தார் என்று சொல்லி, அவரையே குற்றவாளியாக்கிவிட்டது.

ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரிக்கப் போன இடத்திலெல்லாம் எனக்கு ஒரு கொலைகாரன் கிடைத்தான். பலசரக்குக் கடை அண்ணாச்சி எதிர்க்கடைக்காரரைச் சொன்னார். எதிர்க்கடைக்காரர் அண்ணாச்சியைச் சொன்னார். தோணிக்காரர் ஒருவர் தன் சொந்தச் சம்பந்தியைச் சொல்லி, எனக்குக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். ஆசிரியரோ, மர்மப் பெண் ஒருத்தி வேண்டும் என்று கார்டு போட்டார்.

இருந்த ஒரே பெண் செத்தவரின் மனைவி. கருவாடு விற்பவர். பத்திரிகை வந்ததும் என்னிடம் வந்து வாசிக்கச் சொல்வார். சந்தேகங்களை நான் அவ்வளவு ஜோடித்திருப்பேன். அவர் காதிலேயே வாங்கமாட்டார். கொலை என்று அச்சில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். கொலைகாரனைத் தெரிந்துகொண்டே மறைக்கிறார் என்று முடிவு கட்டி, ஒருநாள் மீசையை முறுக்கிக்கொண்டு மடக்கினேன்.

“யாரு கொன்னான்னு எனக்கு வேண்டாம் ஐயா. கொன்னாகன்னு எழுதுனாப் போதும். தானா உயிரை விட்டவுகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள சேக்க மாட்டாக. எங்க வீட்டுக்காரவுக சுவருக்கு வெளிய கிடக்காக.”

மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அடுத்த இதழில் கொலைகாரர்கள் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டு, பிணத்தை எடுத்த வலைக்காரர்கள் பின்மண்டையில் பார்த்த ஒரு காயத்தைப் பற்றி மட்டும் எழுதினேன். தோணியில் மோதியும் அந்தக் காயம் பட்டிருக்கலாம். அதை எழுதவில்லை.

மாதா கோயில் பங்குச் சாமியார் துப்பறியும் கதைப் பிரியர் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம்கூட விடாமல் படித்துவந்தாராம். அவருடைய சந்தேகம் எதிர்க்கடைக்காரர் மேலாம். இவ்வளவு சந்தேகம் இருக்கும்போது ஒருவரை வெளியே போட்டுவைப்பது நியாயமில்லை என்று, சவப்பெட்டியைத் தோண்டி எடுத்து உள்ளே அடக்கச் சம்மதித்தார்.

சாமியார் புதுக் குழியை மந்திரித்து முடித்து எல்லோரும் கலைந்த பிறகு அந்த அம்மாள் என்னிடம் வந்தார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். முகம் செத்திருந்தது.

“ஐயா, நீங்க எழுதுனது நெசந்தானா? அன்னைக்கு வெள்ளென சண்டையில, செத்துத் தொலையும்னு நாந்தான் அவுககிட்ட சொன்னேன்.”

கொன்றது யார் என்றும் எனக்குத் தெரியாது, கொலைதானா என்றும் தெரியாது.

“நெசந்தாம்மா. கொன்னுதான் போட்டிருக்காங்க” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வாரம் எழுதியும், ஒரே ஒருவர் என்னை நம்பிவிட வேண்டுமே என்று நான் தவித்தது அன்றைக்குத்தான்.