துணிக்குள் சூடேறிய கணினி

ஓடிக்கொண்டிருந்த கணினியை நான் ஏன் துணியால் மூடினேன்?

யுத்தம் முடிந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. புதிய கணினி வாங்காமல், எங்கள் பழைய கணினியையே என் தம்பி ஓவர்குளொக் செய்து, அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட வைத்தான். "நல்லா சூடாகுதே தம்பி" என்றேன். "கொம்பியூட்டருக்கும் காய்ச்சல் பாக்குறீங்களா ராத்தா?" என்று சிரித்தான்.

ஒரு நாள் மஃரிப் பாங்கு கேட்டதும், வழக்கம்போல் திரையை மட்டும் அணைத்தேன். கடற்காற்றின் உப்புப் படியாமலிருக்கப் போடும் துணியைக் கணினிப் பெட்டியின் மேல் இழுத்துவிட்டுத் தொழப் போனேன். உள்ளே அது ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஏணையில் என் கைக்குழந்தை தூங்கினாள்.

தொழுகை முடியுமுன் படாரென்று ஒரு சத்தம். குண்டு என்றே நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் துணி கருகி, அறை முழுக்கப் புகை. மகளை அள்ளிக்கொண்டு, சுனாமியன்று ஓடியதைப் போலவே வெறுங்காலுடன் தெருவுக்கு ஓடினேன். தம்பிதான் மெயின் சுவிட்சை அணைத்தான். மகள் கொஞ்சம் இருமினாள். வேறொன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எந்தச் சாமானையும் பிளக்கைக் கழற்றாமல் நான் மூடுவதில்லை. ஏணையையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். வெடித்த பவர் சப்ளையை மட்டும் மாற்றி, பழைய வேகத்தில் ஓடவிட்டால் போதும் என்கிறான் தம்பி. மற்றப் பாகங்களும் அந்தச் சூட்டில் பழுதாகியிருக்குமோ என்று எனக்குப் பயம். அவற்றையும் மாற்றுவதா, கணினியையே ஒதுக்கிவிடுவதா? விபரம் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.