நானூற்றுப் பதினேழாம் மீன்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பிடிக்கக்கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லையே என்பது சித்தப்பாவின் வாதம். அதனால்தான் நாங்கள் குடியேறிய ஊரில், கடல்மேல் நின்ற மாங்கரே பாலத்தில் அவர் தூண்டிலில் பிடித்த விளைமீன் ஓர் இரவு முழுவதும் எங்கள் ஃப்ரிட்ஜில் கிடந்தது. சனிக்கிழமை காலை பால் எடுக்கத் திறந்தேன். எனக்கு எட்டு வயது.

மீனின் முதுகில் ஒரு மஞ்சள் பட்டி. பட்டியில் 417.

அந்த எண்ணை நான் அறிவேன். சில மாதங்களுக்கு முன் பள்ளியிலிருந்து எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். கடலில் விளைமீன் குறைந்துவிட்டதாம். தொட்டியில் வளர்த்த இளமீன்களுக்குப் பட்டி கட்டி, ஆளுக்கொன்று கொடுத்துக் கடலில் விடச் சொன்னார்கள்; எனக்குக் கிடைத்தது 417. பிறகு யாராவது அதைப் பிடித்தால், இடம், நாள், நீளம் எழுதி அனுப்பவேண்டும். வகுப்பறை வரைபடத்தில் ஓர் ஊசி குத்தப்படும். அதுவரை ஓர் ஊசிகூடக் குத்தப்படவில்லை. மீன்கள் வெகுதூரம் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து படுக்கலாம் என்று சொல்லவில்லை.

நான் போட்ட சத்தத்தில், சுடுநீரைக் கொட்டிக்கொண்டேன் என்று நினைத்து அம்மா ஓடிவந்தார்.

"அது என்ர மீன்."

"கடலுக்க கிடந்தது, பிள்ளை," என்றார் சித்தப்பா. "உன்ர பேர் ஒண்டும் எழுதியிருக்கேல்ல."

"நம்பர் எழுதியிருக்கு," என்றார் அப்பா.

பட்டியை அனுப்பவேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், "உதைக் குப்பையில போடு. கவர்மென்டுக்குக் கடிதம் போடுற அளவுக்கு நாங்கள் இன்னும் வரேல்ல," என்றார்.

மத்தியானம் எல்லோரும் குழம்பு சாப்பிட்டார்கள். நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். பட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவினேன். நீளத்தைக் காலையிலேயே அடிமட்டத்தால் அளந்து வைத்திருந்தேன். பள்ளியில் தந்த, முத்திரை ஒட்டிய உறையும் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பிறரின் படிவங்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன்: அன்று நான் எழுதியதைப்போல் குறையில்லாத கடிதம் ஒன்று பிறகு என் மேசைக்கு வரவேயில்லை. பிடித்தவரைப் பற்றியும் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். அவர் என் சித்தப்பா. மூன்று மாத விசாவில் வந்தார். இரண்டு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். ஆகவே இந்தக் கடல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து, வாசலில் ஓர் அரசாங்கக் கார் வந்து நின்றது. ஒருவர் கோப்போடு இறங்கினார். ஜன்னலில் நின்ற அம்மா திரும்பாமலே, "போங்கோ," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியுமுன், பின்கதவு திறந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வேலியை ஏறிக் குதித்தார். ஒரு செருப்பு இந்தப் பக்கம் விழுந்தது. பெரிய மனிதர் ஒருவர் வேலி பாய்வதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

வந்தவர் மீன்துறைக்காரர். விட்ட மீன்களில் முதலாவதாகத் தகவல் கிடைத்தது என்னுடையதைப் பற்றித்தானாம். மீனைப் பிடித்தவருக்குக் கைகொடுக்க வந்திருந்தார். கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து, எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று, இரண்டு வருடக் கதை உட்பட முழுவதையும் அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அப்பா வாசலை மறித்து நின்றார். தம்பி இங்கே இல்லை என்றார். அப்பா பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். பொறுக்க முடியாமல் வேலிக்கு ஓடினேன்.

"சித்தப்பா, வாங்கோ. மீன்காரர்தான்."

பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது.

அன்று மாலையே அப்பா சித்தப்பாவின் பெட்டியைக் காரில் வைத்து எங்கோ கொண்டுபோனார். மவுண்ட் வெல்லிங்டன் என்ற இடத்தின் பெயர் மட்டும் காதில் விழுந்தது. ஒரு துறையின் கடிதத்தை இன்னொரு துறை படிக்காது என்பது நான் உத்தியோகத்தில் கற்ற முதல் பாடம். அன்று அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

என் மீனைக் கொன்ற வெட்கத்தில்தான் ஓடினார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மன்னித்துவிட்டேன், திரும்பி வாருங்கள் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதி, அம்மாவிடம் முகவரி கேட்டேன். தெரியாது என்றார். நம்பினேன். கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இனி எந்த முகவரியும் சொல்லக்கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்ததை நான் அறியவில்லை.