குடை கிடைச்சுதா?

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் என் ஸ்டூடியோ. ஜன்னலை அடைத்து ஒரு மெத்தை, கதவுக்கு ஒரு கம்பளி, நடுவில் மைக். கனத்த குரலில் யாராவது பாடினால் பீரோவின் கைப்பிடியும் கூடச் சேர்ந்து அதிரும், அதனால் அதில் ஒரு துணியைச் சுற்றிவைத்திருப்பேன். ஃபேன் போட முடியாது. வருகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்துத்தான் திரும்பிப் போவார்கள். ஆனாலும் வருகிறார்கள்: ஏம்பலம் பக்கத்து பஜனைக் குழுப் பெண்கள், பம்பைக்காரர்கள், கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர்கள்.

அவர்களிடம் நான் தங்கம். சுருதி கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் "சூப்பர்ங்க, இதுவே போதும்" என்பேன். அது பொய்யில்லை. அடுத்தவர் குரலில் எனக்குக் குறை கேட்பதே இல்லை. ஒருமுறை பம்பைக்காரர் ஒருவர் அம்மன் பாட்டில் உருகிக்கொண்டிருக்கும்போது பின்வீட்டுச் சேவல் கூவித் தொலைத்தது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார். "அம்மன் பாட்டுல சேவல் கூவுனா நல்லதுதாங்க" என்று அடித்துவிட்டேன். அந்தச் சேவலோடுதான் அவர் ஊர்க் கோயிலில் இன்றும் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள்.

என் பாட்டு என்று வந்தால் நான் ராட்சசி. நானே எழுதி மெட்டுப் போட்டது ஒன்றே ஒன்றுதான். மழை நேரத்தில் குடையைக் காணாமல் தேடுகிற ஒருத்தியின் பாட்டு. "வாசல்ல மழை வந்து நிக்குது, குடைய எங்க வச்சேன் நான்" என்று தொடங்கும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதா, அழி. 'ழை' சரியாக விழவில்லையா, அழி. இரண்டு வருடத்தில் முதல் வரியைத் தாண்டியதே இல்லை. ஊரார் பாட்டையெல்லாம் பதிந்து கொடுத்துவிட்டு, என் பாட்டை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில் பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் கலவை மெஷின், பிறகு கம்பி அறுப்பது, அதன் பிறகு டைல்ஸ் அறுப்பது. பல்லெல்லாம் கூசும். மதியம் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். யாரும் பாட வராத நாட்களில் அந்த நேரம் எனக்கு. முதல் வரி, அழி. முதல் வரி, அழி.

ஒருநாள் துணி காயப்போட வெளியே வந்தேன். செலியமேட்டிலிருந்து சித்தாள் வேலைக்கு வருகிற பெண், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கூப்பிட்டாள்.

"யக்கா, அந்தக் கொட கெடச்சுதா இல்லியா?"

"எந்தக் கொட?"

"தெனம் தேடுறியே, அதான். மூணு மாசமா வாசல்ல மழை வந்து நிக்குது. உள்ளயும் வரல, வுடவும் இல்ல. மேஸ்திரி கெடச்சிருக்கும்ன்றாரு, நான் கெடைக்காதுன்றேன். அப்பால இன்னாதான்கா ஆச்சு?"

மெத்தை வைத்தால் வெளியே கேட்காது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் வந்தது. என் பாட்டின் அடுத்த வரிக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்!

"நாளைக்கு சொல்றேன்" என்றேன்.

மறுநாள் மெஷின் நின்றதும் மெத்தையை இழுத்துக் கீழே போட்டு ஜன்னலைத் திறந்தேன். மணல் குவியல் மேல் மேஸ்திரியும் அவளும் சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுப் பாடினேன். நடுவில் நிறுத்தினால் அவள் விடமாட்டாள் என்ற பயத்திலேயே இரண்டாம் வரிக்குப் போனேன். சரணத்தில் குரல் நடுங்கியது. நடுக்கத்தோடே மேலே போனேன். "அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஊரெல்லாம் தேடினேன் நான்" என்ற கடைசி வரி முடிவதற்குள் வெளியே அவள் கெக்கெக்கென்று சிரித்துவிட்டாள்.

போட்டுக் கேட்டேன். அழிக்கிற பட்டனுக்கு விரல் போகவில்லை என்று சொன்னால் அது பொய். போனது. ஆனால் அந்தச் சிரிப்பும் சேர்ந்து கேட்டபோது அது என் குரலாகவே தெரியவில்லை. யாரோ வந்து பாடிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அடுத்தவர் குரலில்தான் எனக்குக் குறை கேட்காதே. விரலை எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் மதியம் போனில் அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். தான் சொன்னதுதான் நடந்தது என்று மேஸ்திரிக்கு ஒரே பெருமை. அவளோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்ய, நான் சிரிச்சது கேக்குதுக்கா. அசிங்கமா கீது, அழிச்சிடு. வேணும்னா இன்னொருக்கா ஒழுங்கா சிரிக்கிறேன், எடுத்துக்க."

"சூப்பரா இருக்கும்மா" என்றேன். "இதுவே போதும்."