போகாத உம்ரா

மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் கற்பிட்டியில் வழக்கம். வேலித் தகராறில் என்னோடு பேச்சை விட்டிருந்த பக்கத்து வீட்டுச் சலீம் நானாவிடமும் கடமைக்குக் கேட்டேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

விமான நிலையத்தில், பயணத்தை ஏற்பாடு செய்த கம்பனி திவாலாகிவிட்டது, விமானம் இல்லை என்றார்கள். முறைப்பாடு கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாதாம். அலுத்துப்போய் வீடு திரும்பினேன். வழியனுப்பியவர்களின் முகத்தில் முழிக்கக் கூச்சமாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சலீம் நானாதான் முதலில் வந்து தட்டினார். கையில் ஒரு கோப்பை பிளேன்டீ.

"அண்டைக்கி நீங்க பயணத்துக்காகத்தான் கேட்டீங்க, தம்பி. இப்ப பயணம் இல்லதானே. இப்ப கேளுங்க."

கேட்டேன். அன்று சுலபமாக வந்த சொல், இப்போது வாயில் வர வெகுநேரமானது.